கரண்டி யார் கையில்? ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் ஊட்டச்சத்து நிலை பற்றி 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதை வைத்து 1980இல் தொடங்கிய ஒரு திட்டம், பிள்ளைகள் எல்லோருக்கும் சோறு என்று 1982இல் எடுக்கப்பட்ட ஓர் அரசியல் முடிவு, அந்தத் திட்டத்திலிருந்து 1995இல் வங்கதேசம் எடுத்துக்கொண்ட ஒரு நகல். பொருளியல் ஆய்வு அரசின் முடிவுக்குள் எப்படி நுழைகிறது, எந்த இடத்தில் வாசலோடு நின்றுவிடுகிறது என்று பார்க்க, இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் படித்தால் போதும். பாளையங்கோட்டையில் பொருளியல் முதுகலை படிக்கும் மாணவர்களுக்கு நான் நடத்தும் நிகழ்வு ஆய்வு இது. அவர்களில் பலர் முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் அம்மாவோ அக்காவோ பீடி சுற்றியே இவர்களைப் படிக்கவைக்கிறார்கள். இந்த ஆய்வின் கடைசிப் பகுதி அந்த வீடுகளுக்குள்தான் போய் நிற்கிறது.

சோறு முதலில் வந்தது

திருநெல்வேலிச் சீமைக்கு இந்த வரலாற்றில் தனி உரிமை உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல், பள்ளி மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. அன்று எட்டயபுரம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல். தொடங்குவதற்கு முன் யாரும் செலவையும் பயனையும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கேள்விக்கு அந்தப் பட்டறிவே போதுமானதாக இருந்தது என்பது என் கருத்து. எல்லா முடிவுக்கும் ஆய்வு வேண்டும் என்று அடம்பிடிப்பது ஆய்வுக்கும் நல்லதல்ல.

ஆனால் 1970களுக்கு வரும்போது கேள்வி மாறிவிட்டது. மாநிலத்தில் ஏற்கெனவே பல உணவுத் திட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. பள்ளிகளில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருந்தும் சின்னஞ்சிறு குழந்தைகளிடையே ஊட்டக்குறைவு ஏன் இவ்வளவு இருக்கிறது? இதற்கு வெறும் கண்ணால் பார்த்து விடை சொல்ல முடியாது.

1973 ஆய்வு கண்ட மூன்று ஓட்டைகள்

அமெரிக்க உதவி நிதியில், சிட்னி கேன்டர் என்பவரின் நிறுவனம் தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வை நடத்தி 1973இல் அறிக்கை தந்தது. வயலில் விளைவது, சந்தையில் விற்பது, வீட்டில் சமைப்பது, யார் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று முழுச் சங்கிலியையும் அது பின்தொடர்ந்தது. கிடைத்த விடை அன்றைய கொள்கைக்கு நேர் எதிராக இருந்தது. ஊட்டக்குறைவின் கொடுமை பள்ளி வயதில் அல்ல, மூன்று வயதுக்குக் கீழே இருந்தது. அதிலும் தாய்ப்பாலோடு வேறு உணவு சேர்த்துக் கொடுக்கத் தொடங்க வேண்டிய ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் குழந்தை சரிகிறது. திட்டங்களோ பெரும்பாலும் பெரிய பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன.

வயது தவறியது முதல் ஓட்டை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவு எல்லோருக்குமாகப் பங்காகிவிடுவது இரண்டாவது. மூன்றாவதைப் பணத்தால் மட்டும் அடைக்க முடியாது. குழந்தைக்கு எப்போது, எவ்வளவு, எப்படி ஊட்டுவது என்ற வழக்கமே சில வீடுகளில் குறையாக இருந்தது. வருமானம் ஒன்றாக இருந்த இரண்டு குடும்பங்களில் ஒரு குழந்தை தேறியும் மற்றொன்று தேறாமலும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஓர் ஆய்வறிக்கை அரசின் அலமாரியில் தூங்காமல் திட்டமாக மாறிய அரிய நிகழ்வு இது. உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980 அக்டோபரில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. பிறகு தென்மாவட்டங்கள் உள்ளிட்ட கிராமப்புறங்களில் பரவி, ஏறத்தாழ 9,000 மையங்களாக வளர்ந்தது.

திட்டத்தின் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் 1973 ஆய்வின் ஒரு கண்டுபிடிப்பு நிற்கிறது. ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டார்கள். எடை ஏறாமல் நின்றுபோன குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு, அதுவும் மையத்திலேயே, கண்முன்னே. 90 நாள் கொடுத்து, எடை அரைக் கிலோ ஏறியிருந்தால் நிறுத்திவிடுவார்கள். நிரந்தரமாகக் கொடுத்தால் 'அங்கேதான் சாப்பிடுகிறதே' என்று வீட்டில் ஒரு வேளையைக் குறைத்துவிடுவார்கள் என்ற கணிப்பு இதில் இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லா நாளும் கொடுக்காததால் உணவுச் செலவும் கட்டுக்குள் நின்றது.

எனக்கு மிகவும் பிடித்த விதி, ஊழியரைத் தேர்ந்தெடுத்த முறை. அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழையாக இருந்தும் தன் குழந்தையை நன்றாக வளர்த்தவளாக இருந்தால் அவளுக்கு முன்னுரிமை. வருமானத்தைத் தாண்டி ஊட்டும் வழக்கத்துக்கும் பங்கு உண்டு என்ற கண்டுபிடிப்பை ஒரு நியமன விதியாக மாற்றியவர்கள் யாரோ, அவர்கள் ஆய்வை உண்மையாகவே படித்திருக்கிறார்கள்.

1982: ஆய்வைக் கேட்காத முடிவு

திட்டம் ஊன்றி நிற்பதற்குள், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை மையங்களில், அதற்கு மேல் ஒன்பது வயது வரை பள்ளிகளில், கிராமப்புறக் குழந்தைகள் எல்லோருக்கும் சோறு. 1984இல் 15 வயது வரை நீண்டது. எடை பார்ப்பதும் இல்லை, பொறுக்கியெடுப்பதும் இல்லை. கேட்ட பிள்ளைக்கெல்லாம் சோறு.

ஆய்வு சொன்னதற்கு இது நேர்மாறு. மூன்று வயதுக்குக் கீழ் கவனம் செலுத்து என்றது அறிக்கை. அரசின் பெரும்பணம் மீண்டும் பெரிய பிள்ளைகளுக்கே போனது. பொருளியல் அறிந்தவர்கள் பலர் இதை வீண் செலவு என்றார்கள். அந்த நேரத்துச் சான்றுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

காலம் வேறொரு பக்கத்தைக் காட்டியது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவை நாடு முழுவதும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் வழங்க உத்தரவிட்டது. 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் சுமன் சக்ரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளியில் மதிய உணவு உண்ட சிறுமிகள் வளர்ந்து தாயானபோது, அவர்கள் பெற்ற குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள். 2006க்கும் 2016க்கும் இடையே இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை இதோடு தொடர்புடையது என்பது அவர்கள் கணக்கு. இது நாடு தழுவிய தரவு. தமிழ்நாட்டுக்கென்று தனியே செய்ததல்ல. ஆனால் வழி தெளிவாகத் தெரிகிறது. 1973 ஆய்வு தேடிய மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் பள்ளிச் சோறும் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஒரு தலைமுறை தள்ளி, அந்தக் குழந்தையின் தாய் வழியாக.

ஆகவே ஆய்வு தோற்றது, அரசியல் வென்றது என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தாண்டுக் கடன் திட்டத்துக்காகச் செய்யும் மதிப்பீடு ஐந்தாண்டில் தெரியும் பயனைத்தான் எண்ணும். 30 ஆண்டு கழித்துத் தெரியும் பயனுக்கு அதன் அட்டவணையில் இடமே இல்லை. மதிப்பீட்டைப் படிக்கும் அதிகாரி, எத்தனை ஆண்டுக் கணக்கு இது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வென்றது எது?

ஒருங்கிணைந்த திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. உலகம் கொண்டாடியது. ஆனால் அந்தக் குறைவில் எவ்வளவு திட்டத்தால் வந்தது? இதற்கு விடை சொல்வது எளிதாக இல்லை.

ஒன்று, 1982 முதல் சத்துணவு எல்லா ஊரிலும் நடந்தது. திட்டம் இல்லாத ஒன்றியத்தை ஒப்பிடலாம் என்றால், அங்கேயும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை மையத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு, அதே ஆண்டுகளில் வறட்சியும் வந்துபோனது. மூன்றாவது, திட்டத்தின் விதிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சிக்கல். எடை நின்றுபோன நேரத்தில்தான் குழந்தை தேர்ந்தெடுக்கப்படுகிறது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து இளைத்த குழந்தைகளில் பலர் நோய் தீர்ந்ததும் தாமாகவே தேறுவார்கள். தாமிரபரணியில் வெள்ளம் உச்சியில் இருக்கும் நாளில் கரையில் சூடம் ஏற்றினால் மறுநாள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். சூடத்தால் இறங்கியதென்று சொல்ல முடியாது. 'உணவு பெற்றவர்களில் இத்தனை சதவீதம் பேர் தேறினார்கள்' என்ற வரியை எந்த அறிக்கையில் கண்டாலும், உணவு பெறாத அதே நிலைக் குழந்தைகளில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்கும்படி மாணவர்களிடம் சொல்கிறேன்.

ஒப்பீட்டைச் சரியாக அமைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரை நாள் வேலைக்கு ஓர் ஊழியரைக் கூடுதலாக நியமித்தார்கள் கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள். சிறுவர்களுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்தில் கணக்கும் மொழியும் மேம்பட்டன. பழைய ஊழியருக்குக் கிடைத்த நேரம் ஊட்டச்சத்துப் பணிக்குப் போனதால் கடுமையான ஊட்டக்குறைவும் குறைந்தது. செலவைப் போல 13 முதல் 21 மடங்கு பயன் என்று கணக்கிட்டார்கள். 'ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும்?' என்பது நிதித்துறை உண்மையிலேயே கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கே நேரே விடை தந்ததால்தான் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

வங்கதேசத்துக்குப் போன நகல்

தமிழ்நாட்டில் வென்றதைக் கண்டு, 1995இல் உலக வங்கி ஆதரவோடு வங்கதேசத்தில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. வடிவம் அதேதான். எடை பார்த்தல், கூடுதல் உணவு, தாய்மாருக்கு அறிவுரை. 2003இல் சேவ் தி சில்ட்ரன் அமைப்பு ஒப்பிட்டுப் பார்த்தபோது, திட்டம் நடந்த இடத்துக்கும் நடக்காத இடத்துக்கும் ஊட்டச்சத்தில் வேறுபாடு காணவில்லை. 2005இல் உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவும் பயன் மிகச் சிறிது என்றே முடிவுக்கு வந்தது.

எங்கே தவறியது? தாய்மார்கள் மையத்துக்கு வந்தார்கள், அறிவுரையைக் கேட்டார்கள், கேட்டால் சரியாகத் திருப்பிச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் செய்யவில்லை, செய்ய முடியவில்லை. அந்த நாட்டுக் கிராமங்களில் சந்தைக்குப் போய்ப் பொருள் வாங்குபவர் ஆண். கூட்டுக் குடும்பத்தில் அடுக்களை மாமியார் கையில். மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் கரண்டியைப் பிடித்திருக்கும் கை வரை போகவில்லை. கொடுத்த உணவும் சில வீடுகளில் குழந்தையின் வழக்கமான வேளைக்கு மாற்றாகிவிட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் தாயே வாங்கி, தாயே சமைத்து, தாயே ஊட்டினாள். திட்டத்தை இங்கே ஓடவைத்தது இந்த ஒன்று. அது எந்த விதியிலும் எழுதப்படவில்லை; எழுதத் தேவையில்லாத அளவுக்கு இயல்பாக இருந்தது. அதனால் நகல் எடுத்தவர் கண்ணில் அது படவில்லை. தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட் இதை எடுத்துப் பேசிய பிறகு, சான்று சார்ந்த கொள்கை பற்றிய வகுப்புகளில் இது நிலையான பாடமாகிவிட்டது.

இதை வகுப்பில் சொல்லி முடித்ததும் மாணவர்கள் வங்கதேசத்தைப் பற்றியே பேசுவார்கள். நான் அவர்களை முக்கூடல் பக்கம் திருப்புவேன்.

முக்கூடல் பக்கத்து ஆச்சி

பீடி சுற்றும் வேலையின் கணக்கு ஆயிரத்தில் ஓடுகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கிவந்து, இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமில்லை. மாலைக்குள் கட்டு கட்டிக் கடையில் கொடுத்தாக வேண்டும். வேலை வீட்டிலேயே நடப்பதால் 'அம்மா வீட்டில் இருக்கிறாள்' என்று எந்தக் கணக்கெடுப்பும் எழுதிக்கொள்ளும். அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். அவள் கை பீடியில் இருக்கிறது.

அங்குள்ள ஒரு பால்வாடியில் எடை பார்க்கும் நாளில் உட்கார்ந்திருந்தேன். வந்த குழந்தைகளில் பாதியைத் தூக்கிவந்தவர்கள் ஆச்சிமார்கள், அதாவது பாட்டிமார்கள். ஒரு வயது தாண்டிய பெண் குழந்தை ஒன்றுக்கு எடை முந்தைய மாதத்து எண்ணிலேயே நின்றது. ஊழியர் அதைச் செயலியில் பதிந்துகொண்டு, "சத்துமாவைக் கெட்டியாகக் கிண்டிக் கொடுக்கச் சொல்லுங்கள் ஆச்சி, அம்மாவிடம் போன மாதமே சொன்னேன்" என்றார்.

"அவளுக்கு ஏது நேரம்? ஊட்டுவது நான்தானே. கெட்டியாகக் கொடுத்தால் பிள்ளைக்குச் செரிக்காது, தண்ணியாகக் கரைத்துத்தான் கொடுப்பேன்" என்றார் ஆச்சி.

அதில் எல்லாம் அடங்கிவிட்டது. மாவு வீட்டுக்குப் போகிறது. எடை ஒழுங்காகப் பார்க்கப்படுகிறது. அறிவுரை தாய்க்குச் சொல்லப்படுகிறது. தாயின் தொலைபேசி எண்தான் பதிவில் இருக்கிறது. கரண்டியோ ஆச்சி கையில். நீர்க்கக் கரைத்த கஞ்சியில் வயிறு நிறைந்துவிடும், சத்து சேராது. ஒரு வயதுக் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. ஒரு கிண்ணத்துக்குள் எவ்வளவு சத்து அடங்குகிறது என்பதுதான் முக்கியம். ஆச்சியின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் கஞ்சியை நீர்க்கக் கொடுத்து வளர்த்த தலைமுறை அது. அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். அதற்கு முந்தைய சுற்றில், 2015–16இல், இவை முறையே 27.1, 23.8 சதவீதம். இவ்வளவு மையங்களும் மாவும் சோறும் உள்ள மாநிலத்தில் இறக்கம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று கேட்பவர்கள், உணவின் அளவைக் கூட்டுவதைப் பற்றியே பேசுகிறார்கள். 1980இல் தாய் கையில் இருந்த கரண்டி இன்று எத்தனை வீடுகளில் வேறு கைக்கு மாறியிருக்கிறது என்ற கேள்வி எழவே இல்லை. வங்கதேசத்தில் எல்லை தாண்டியபோது நடந்தது, இங்கே 40 ஆண்டு தாண்டியபோது நடக்கலாம். நாம் நகலெடுத்தது நம்முடைய பழைய திட்டத்தையே.

செய்து பார்க்கக்கூடிய ஒன்று

இதற்குப் பெரிய கணக்கெடுப்பு வேண்டாம். பீடி வேலை அடர்ந்த ஒன்றியங்களில், குழந்தைக்குப் பகல் வேளையில் ஊட்டுபவர் யார் என்று மாதாந்திர எடைப் பதிவில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும். தாயா, ஆச்சியா, மூத்த பிள்ளையா. இதுவே ஆறு மாதத்தில் நாம் இதுவரை அறியாத ஒரு வரைபடத்தைத் தந்துவிடும்.

அடுத்து, ஊட்டுபவருக்கே நேரில் செய்துகாட்டும் பயிற்சி. மாவை எந்தப் பதத்தில் கிண்டுவது, கிண்ணத்தைச் சாய்த்தால் வழியக் கூடாது என்பதை ஆச்சியின் அடுப்பிலேயே காட்ட வேண்டும். எல்லா மையத்திலும் ஒரே நாளில் இதைத் தொடங்கப் பயிற்றுநர் இருக்கமாட்டார்கள். எப்படியும் கட்டம் கட்டமாகத்தான் போகும். எந்த மையம் முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தால், காத்திருக்கும் மையங்களே ஒப்பீடாகிவிடும். யாருக்கும் எதையும் மறுக்கவில்லை, வரிசை மட்டும்தான். அளக்க வேண்டியது எடையை மட்டுமல்ல. கஞ்சியின் பதம், ஒரு நாளில் எத்தனை வேளை, மாவு வீட்டில் எத்தனை நாளில் தீர்கிறது என்பவற்றையும் அளக்க வேண்டும். எடை ஏறாமல்போனால் சங்கிலி எங்கே அறுந்தது என்று இவைதான் சொல்லும்.

இரண்டு பலவீனங்கள் இதில் உண்டு. ஊர்கள் அருகருகே இருப்பதால் ஆச்சிமார் பேச்சு ஒரு மையத்திலிருந்து அடுத்ததற்குப் பரவிவிடும். ஆகவே மையங்களை ஊராட்சி வாரியாகத் தொகுத்துக் குலுக்க வேண்டும். ஊட்டும் பதமே சிக்கல் அல்ல, குடிநீரும் வயிற்றுப்போக்கும்தான் என்று தெரியவரலாம். அப்படி வந்தால் அதுவும் பயனுள்ள விடை. பயிற்சிக்கான பணத்தைக் குழாய்க்குத் திருப்பலாம்.

எந்த எண் வந்தால் என்ன செய்வோம் என்பதைத் தொடங்கும் முன்பே மாவட்ட நிர்வாகமும் துறையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 90 நாள், அரைக் கிலோ என்று பழைய திட்டம் முன்கூட்டியே எழுதிவைத்தது, அதனால்தான் ஊழியர் தயங்காமல் முடிவெடுக்க முடிந்தது. நாளும் முக்கியம். மாநில நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. துறைகள் தங்கள் கேட்புகளை அதற்குச் சில மாதங்கள் முன்பே முடித்துவிடுகின்றன. ஏப்ரலில் வரும் அறிக்கைக்கு அந்த ஆண்டு பணம் இருக்காது, அடுத்த ஆண்டு அதை நினைவில் வைத்திருக்கும் அதிகாரியும் மாறிப்போயிருப்பார். ஜனவரியில் குலுக்கல், பிப்ரவரியில் முதல் அளவு, செப்டம்பரில் இரண்டாம் அளவு, அக்டோபர் முடிவதற்குள் நான்கு பக்க அறிக்கை துறைச் செயலாளர் மேசையில் என்று நாள் குறித்துவிட்டுத்தான் முதல் ஆச்சியின் வீட்டுக்குப் போக வேண்டும்.